புது மேலாளர் கவாத்து வெட்டுவாரா?

தமிழ்நாட்டு ஹாக்கிக்கு இது நல்ல பருவம். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன. இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த மாதமே ஹாக்கி இந்தியா லீக் ஆட்டங்கள் சென்னைக்கு வந்தன. அரங்கமும் பணமும் கூட்டமும் ஒன்றுசேர்ந்திருக்கும் இந்த நேரத்தில், ஒரு கேள்வியை மட்டும் யாரும் உரக்கக் கேட்பதில்லை: அணியை நடத்த அமர்த்தப்படும் அந்த ஒருவரை யார், எதை வைத்து, எத்தனை ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அந்தப் பதவிக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். பொது மேலாளர் என்பார்கள், ஹாக்கி இயக்குநர் என்பார்கள், உயர்திறன் இயக்குநர் என்பார்கள். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஏலத்தில் யாரை எடுப்பது, பயிற்சியாளராக யாரை அழைப்பது, தடுமாறும் ஒரு 19 வயதுப் பையனுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுப்பதா, வழியனுப்புவதா என்பதெல்லாம் அவர் கையில்.

பயிற்சியாளர் தவறு செய்தால் அன்று மாலையே ஸ்கோர் பலகையில் தெரிந்துவிடும். மேலாளர் செய்யும் தவறு தெரிய மூன்று, நான்கு வருடம் ஆகும். அதற்குள் அவர் வேறு அணிக்குப் போயிருப்பார்.

அதனால்தான் புதிதாக ஒருவர் வரும்போது ரசிகனுக்குச் சந்தேகம் வருகிறது. வரத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதைச் சந்தேகிப்பது என்பதில் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். வந்தவர் வெள்ளைக்காரரா, உள்ளூர்க்காரரா, ஒலிம்பிக் பதக்கம் உண்டா என்று பேசிப் பேசியே பொழுது போய்விடுகிறது.

வெண்கலத்துக்குப் பிறகும் நிற்கும் சந்தேகம்

பி.ஆர்.ஸ்ரீஜேஷை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றதோடு அவர் ஓய்வு பெற்றார். டோக்கியோவிலும் பாரிஸிலுமாக இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்கள். அவர் அணிந்த 16ஆம் எண் சட்டையை சீனியர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது. அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் பதக்கத்தின் சூடு ஆறும் முன்பே அவர் ஜூனியர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு, புத்துயிர் பெற்ற ஹாக்கி இந்தியா லீகில் டெல்லி எஸ்.ஜி. பைப்பர்ஸ் அணி அவரை ஹாக்கி இயக்குநர் ஆக்கியது. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவர், மட்டையைக் கீழே வைத்த சில மாதங்களில் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார். முன்பு எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. எந்த அணியையும் நிர்வகித்ததும் இல்லை.

சந்தேகப்பட்டவர்களுக்கு முடிவுகள் ஒருபக்கமாகப் பதில் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று தங்கம். சென்னை உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று பலத்த அடி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கிடந்த பையன்கள் கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வெண்கலத்தைப் பறித்தார்கள். 0-2இல் தலையைத் தொங்கப்போடாமல் ஓடவைத்தது ஒரு பயிற்சியாளரின் வேலைதான். அந்தப் பாராட்டு அவருக்குச் சேரவேண்டும். இன்னொரு பக்கம், அவர் இயக்குநராக இருந்த பைப்பர்ஸ் ஆடவர் அணி முதல் பருவத்தில் அரையிறுதிக்கே வரவில்லை. டோக்கியோ வெண்கலம் வாங்கித் தந்த கிரஹாம் ரீட்தான் அங்கே பயிற்சியாளர். இருந்தும் நடக்கவில்லை.

என் சந்தேகம் வெற்றி தோல்வியில் இல்லை. லீகின் முதல் பருவ விதிப்படி 24 பேர் கொண்ட ஒவ்வொரு ஆடவர் அணியிலும் குறைந்தது நான்கு இந்திய ஜூனியர்கள் இருக்கவேண்டியிருந்தது. நாட்டின் ஜூனியர்கள் அத்தனை பேரையும் முகாமில் வைத்துப் பார்த்தவர், யாருக்குத் தொடையில் பிடிப்பு, யாருக்கு மனசு சரியில்லை என்று அறிந்தவர், அந்த ஜூனியர்களை விலைக்கு வாங்கும் எட்டு அணிகளில் ஒன்றுக்கு இயக்குநராகவும் இருந்தார். ஸ்ரீஜேஷ் இதை ஒரு துளி தவறாகப் பயன்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. மற்ற ஏழு அணிகளுக்கு இல்லாத தகவல் ஒரே மனிதரின் தலைக்குள் இருக்க விதி அனுமதித்தது என்பதுதான் குறை. ஆளைத் தேடிப் பிடித்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

மாறிக்கொண்டே இருந்த நாற்காலி

பெரிய ஆட்டக்காரர் நல்ல நிர்வாகியாக இருப்பார் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் வி.பாஸ்கரன் நம் ஊர்க்காரர். அவர் பயிற்சியாளராக இருந்த 2006 உலகக் கோப்பையில் இந்தியா 11ஆம் இடம். பழி அவர் தலையில் விழுந்தது. அவருக்கு மேலே இருந்து அணியை ஆட்டுவித்த இந்திய ஹாக்கி சம்மேளனத்தைக் கேட்க ஆளில்லை.

கேட்காததன் விலை 2008இல் தெரிந்தது. மார்ச் மாதம் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 80 ஆண்டுகளில் முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஏப்ரலில், சம்மேளனத்தின் செயலாளராக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த கே.ஜோதிகுமரன் ஒரு வீரரைச் சேர்ப்பதற்காகப் பணம் வாங்குவதாகக் காட்டும் ரகசியக் கேமரா பதிவு தொலைக்காட்சியில் வந்தது. அவர் விலகினார். சம்மேளனமே கலைக்கப்பட்டது. ஆலோசகராக வந்த ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த், உலகமே மதித்த மூளை, என்ன வேலை என்றே தெளிவாகச் சொல்லப்படாமல் சில மாதங்களில் கிளம்பிப் போனார்.

அடுத்து வந்தது வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் அணிவகுப்பு. 2009இல் ஸ்பெயினின் ஹோசே பிராசாவில் தொடங்கி 2019இல் கிரஹாம் ரீட் வரும்வரை ஆடவர் அணிக்கு ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். டெர்ரி வால்ஷ் 2014 ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு அதே ஆண்டு நவம்பரில் விலகினார். அவருக்குப் பின் வந்த பால் வான் ஆஸ் அரை வருடம் தாக்குப்பிடித்ததே அரிது. 2013இல் உயர்திறன் இயக்குநராக வந்த ரோலன்ட் ஆல்ட்மன்ஸ், பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக அந்த வேலையையும் சுமந்து, 2017 செப்டம்பரில் அவரும் அனுப்பப்பட்டார்.

பெண்கள் பக்கமும் கதை வேறல்ல. பயிற்சியாளர் யானெக் ஸ்கோப்மன் 2024 பிப்ரவரியில், தனக்கு உரிய மதிப்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே விலகினார். அடுத்த சில நாளில், ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஹாக்கி இந்தியாவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த எலெனா நார்மனும் போனார்.

இந்த வரிசையில் நின்று வேலை செய்யக் காலம் கிடைத்தவர் ரீட். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வந்தது. 2023இல் வந்த கிரெய்க் ஃபுல்டனுக்கும் காலம் கொடுத்தார்கள். பாரிஸ் வெண்கலம், 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பை. காலம் கொடுத்தால் எல்லோரும் வெல்வார்கள் என்று சொல்ல வரவில்லை. கொடுக்காமல் ஒலிம்பிக் பதக்கம் வென்றவரை இந்த வரிசையில் நான் பார்த்ததில்லை.

தோட்டத்துக்குப் புது துரை வந்தால்

எங்கள் நீலகிரியில் மேலாளர் என்றால் முதலில் ஞாபகம் வருவது தேயிலைத் தோட்டத்து துரைதான். சுதந்திரம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் அதே சொல்லோடுதான் வந்தன.

புது துரையைத் தேர்ந்தெடுக்கத் தொழிலாளரிடம் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவரை எடைபோடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு வருகிறாரா, ஜீப்பை விட்டு இறங்கி மேட்டுக் காட்டுக்குள் நடக்கிறாரா, மேஸ்திரி சொல்வதை மட்டும் கேட்கிறாரா, கொழுந்து எடுக்கும் பெண்களிடமும் ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கவாத்து வெட்டுகிறாரா என்று பார்ப்பார்கள்.

தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடவேண்டும். வெட்டிய காடு பார்க்கச் சகிக்காது, வெறும் குச்சிகளாக நிற்கும். சில மாதத்துக்கு அதில் ஒரு கொழுந்து கிடைக்காது. இந்த வருடக் கணக்கைக் காட்டிப் பதவி உயர்வு வாங்க நினைக்கும் துரை, கவாத்தைத் தள்ளிப்போடுவார். அவர் இருக்கும்வரை எடை நன்றாகவே இருக்கும். செடி உயரமாகி, கொழுந்து கரடாகி, விளைச்சல் விழுவதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்து வருபவர் வெட்டவும் வேண்டும், திட்டும் வாங்கவேண்டும்.

ஹாக்கி அணியின் புது மேலாளரிடம் நான் பார்ப்பது இதைத்தான். 30 வயது தாண்டிய பெயர்பெற்ற ஆட்டக்காரரை வாங்கி இந்தப் பருவத்தை ஓட்டுவது எளிது. நான்கு ஜூனியர் இடங்களை விதிக்காக நிரப்பிவிட்டு அவர்களைப் பெஞ்சில் உட்காரவைப்பதும் எளிது. அந்த நால்வரையும் களத்தில் இறக்கி, அவர்கள் விட்ட பந்துகளுக்காக இரண்டு ஆட்டம் தோற்று, பத்திரிகையாளர் சந்திப்பில் ஏச்சு வாங்கிக்கொண்டு உட்காருவதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால்கூட, ஒரு வருட ஒப்பந்தம் அவரைக் கவாத்து வெட்ட விடாது.

மலைக்கு யார் வருகிறார்கள்?

சென்னையில் உலகக் கோப்பை நடந்தது. போட்டியை நடத்திய மாநிலத்தின் பையன் ஒருவன்கூட இந்திய அணியில் இல்லை. கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு மட்டை இருக்கிறது என்று பெருமை பேசும் மாநிலம் இது. அரியலூரிலிருந்து புறப்பட்ட கார்த்தி செல்வம், கோவில்பட்டி விளையாட்டு விடுதி வழியாகத்தான் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். சென்னையில் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் தமிழர் அவர் ஒருவர்தான். ஏணி இருந்தால் ஏறுவார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

நீலகிரிப் பையனுக்கு அந்த ஏணி எங்கே தொடங்குகிறது? உதகையிலிருந்து கோவில்பட்டிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இங்கே சமதளமே அபூர்வம். முழு ஹாக்கி மைதானத்துக்கு 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் வேண்டும். மலையில் அவ்வளவு தட்டையான இடம் கிடைத்தால் அதில் கட்டடமோ கேரட்டோ வந்துவிடும். கிடைக்கும் மைதானத்திலும் தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஈர மண்ணில் அடித்த பந்து பாதி வழியில் நின்றுவிடும். அதனால் எங்கள் பையன்கள் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்து இழுத்துப் போகப் பழகுகிறார்கள். மூடுபனி இறங்கினால் எதிர்முனை கோல் கம்பம் தெரியாது, குரலை வைத்துப் பந்தைத் தள்ளவேண்டும். நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் பந்து பறக்கும் வேகத்தை இவன் முதன்முதலில் பார்ப்பது, மாவட்டத்துக்கு வெளியே ஒரு தேர்வுக்குப் போகும் அன்றுதான். அன்றே அவனை மதிப்பிட்டும் முடித்துவிடுகிறார்கள்.

ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இந்த மலையில் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தை எம்.ஆர்.சி. என்றால்தான் எங்களுக்குத் தெரியும். 1950களில் அங்கே சேர்ந்த ஓர் உயரமான இளைஞர் கால்பந்தில் முன்கள ஆட்டக்காரர். அவரைக் கோல்கீப்பர் ஆக்கினார்கள். பீட்டர் தங்கராஜ் அப்படித்தான் உருவானார். எம்.ஆர்.சி. 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜ் இரண்டு ஒலிம்பிக் ஆடினார், 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் குண்டு எறிந்துகொண்டிருந்த ஸ்ரீஜேஷின் கையில் கோல்கீப்பர் கையுறையை மாட்டியதும் இதே மாதிரி ஒரு கண்தான். அந்தப் பள்ளிப் பயிற்சியாளருக்கு ஏலப் பட்டியலும் கிடையாது, கணினி வரைபடமும் கிடையாது. பையன் தினமும் கண்ணெதிரே இருந்தான், அவ்வளவுதான்.

லீக் அணியின் மேலாளருக்கு அந்த வசதி இல்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியை 2024இல் சார்லஸ் குழுமம் வாங்கியது. முதல் பருவத்தில் ஆடவர் ஆட்டங்கள் பெரும்பாலும் ரூர்கேலாவில். பெயரில் தமிழ்நாடு, ஆட்டம் ஒடிசாவில். அமித் ரோஹிதாஸ் தலைமையில் அணி நன்றாகவே ஆடி நான்காம் இடம் பிடித்தது. கார்த்தியும் அதில் இருந்தார். குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரங்கத்தில் பார்க்காத அணி மீது பற்று வளர நேரமாகும். இதற்கு முன் பிரிமியர் ஹாக்கி லீகில் சென்னை வீரன்ஸ் இருந்தது, 2012இல் வேர்ல்ட் சீரிஸில் சென்னை சீட்டாஸ் இருந்தது. இரண்டும் போன இடம் தெரியவில்லை. 2013 முதல் 2017 வரை நடந்த பழைய ஹாக்கி இந்தியா லீகில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. இந்த வரலாறு தெரிந்த ரசிகன், புது மேலாளர் ஐந்தாண்டுத் திட்டம் என்று பேசினால் சிரிக்கத்தான் செய்வான்.

செய்யக்கூடியவை

முதலாவது, நியமன அறிவிப்பின் வடிவத்தை மாற்றவேண்டும். வாங்கிய பதக்கங்களின் பட்டியலும் சிரித்த முகப் படமும் போதாது. எத்தனை வருட ஒப்பந்தம், வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் இறுதிச் சொல் அவருடையதா, உரிமையாளருடையதா, பயிற்சியாளருடையதா, எந்த அளவுகோலில் அவரை மதிப்பிடுவார்கள் என்ற மூன்று வரிகளை அதே அறிவிப்பில் போடவேண்டும். சம்பளத்தை யாரும் கேட்கவில்லை.

ஒருவருக்கு ஒரு நாற்காலி. நாட்டின் ஜூனியர், சீனியர் அணிகளுக்குப் பயிற்சி தருபவர், தேர்வாளராக இருப்பவர் லீக் அணியில் எந்தப் பொறுப்பும் வகிக்கக்கூடாது என்று ஹாக்கி இந்தியா விதி எழுதவேண்டும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. உடனே முடியாது என்றால், அப்படிப்பட்டவர் ஏலத் தயாரிப்பிலிருந்தாவது விலகி நிற்கட்டும்.

ஒப்பந்தம் மூன்று பருவத்துக்குக் குறையக்கூடாது. மதிப்பீட்டில் பாதி மதிப்பெண், அணியில் எடுத்த ஜூனியர்கள் களத்தில் ஆடிய நிமிடங்களுக்குப் போகட்டும். பருவ முடிவில் அந்தக் கணக்கை வெளியிடவேண்டும். தமிழ்நாட்டு அணியாக இருந்தால், நான்கு ஜூனியர்களில் ஒருவராவது இந்த மாநிலத்தில் பயிற்சி பெற்றவராக இருக்கவேண்டும் என்று அணியே தனக்கு விதித்துக்கொள்ளலாம். இரக்கத்துக்காக இல்லை, அரங்கம் நிறைய வேண்டுமே.

நீலகிரிக்கு முழு மைதானம் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள் உண்டு. ஐவர் ஹாக்கிக்கு அதில் பாதிக்கும் குறைவான இடம் போதும். 2024 ஜனவரியில் ஓமனில் அதற்கு உலகக் கோப்பையே நடந்து, இந்தியப் பெண்கள் அணி இரண்டாம் இடம் பெற்றது. உதகை, குன்னூர், கூடலூர் மூன்று இடங்களிலும் பள்ளி வளாகங்களில் தலா ஒரு சிறு செயற்கைப் புல்தரை போட்டால், பந்தின் வேகம் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் லீக் அணியும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மழை நீரைப் பிடித்து வைத்தால் தெளிக்கத் தண்ணீர்ப் பஞ்சமும் வராது.

கடைசியாக, மேலாளர் வருடத்துக்கு ஒருமுறை மலையேறி வரவேண்டும். உதவியாளரை அனுப்பினால் கணக்கில் வராது, அவரே வரவேண்டும். இரண்டு நாள் திறந்தவெளித் தேர்வு, எம்.ஆர்.சி. இடம் கொடுத்தால் வெலிங்டனில், இல்லையென்றால் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஹட்டி எனும் மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கும் பேருந்துக் காசும் மதிய உணவும் அணியின் செலவு. முதல் நாள் யாரையும் கழிக்கக்கூடாது, மண்ணில் ஒரு நாள் ஆடவிட்டுத்தான் மறுநாள் பெயர் எழுதவேண்டும். மழை ஓய்ந்து தரை இறுகியிருக்கும் பிப்ரவரி தோதான மாதம். மே மாதம் மட்டும் வேண்டாம். மலர்க் கண்காட்சி நெரிசலில் இ-பாஸ் வாங்கி, கல்லாறு தாண்டி, பர்லியாறில் வரிசையில் நின்று அவர் குன்னூர் வந்து சேர்வதற்குள் பையன்கள் ஆட்டத்தை முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.